சூடு தெரியாத கால்

என் காலில் காயம் இருக்கிறது என்பதை எனக்குச் சொன்னவள் என் மகள் துளசி. நான் குசினியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போவதற்காகப் பையைத் தோளில் போட்டபடி வந்தவள், நிலத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அம்மா, என்ன இது? நிலமெல்லாம் இரத்தம். எங்க வெட்டினனீங்கள்?"

"நான் ஒரு இடமும் வெட்டேல்லையே" என்று கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"கையில்லை அம்மா. காலைத் தூக்குங்கோ."

சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கிக் காட்டினேன். பையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்காலின் முன்பகுதியில் தோல் கழன்று தொங்கியது. உள்ளே பச்சைச் சதை, அதில் மண்ணும் தும்பும் ஒட்டிக் கிடந்தன. எனக்கு ஒரு நோவும் இல்லை. பொய் சொல்லவில்லை, எறும்பு கடித்த அளவுக்குக்கூட நோகவில்லை. "இதுக்கு ஏன் பிள்ளை இப்பிடி முழிக்கிறாய்?" என்று அவளைத்தான் ஏசினேன்.

சீனி வருத்தத்தோடு, அதுதான் நீரிழிவோடு, கதிரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் இதை வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். உங்கள் காலைப் பாருங்கள், அது போதும்.

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. திருகோணமலையில் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு முகவர் கந்தோரில் கணக்குப் பகுதி. கப்பல் எங்கிருந்தெல்லாமோ வரும், எங்கேயெல்லாமோ போகும், நான் கதிரையை விட்டு எழும்பாமல் அத்தனைக்கும் பில் போடுவேன். சீனி வருத்தம் வந்து பல வருடமாகிறது. குளிசை போடுவேன், கிளினிக்குக்குப் போவேன், தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டேன். யாராவது வட்டிலப்பம் கொண்டுவந்தால் மட்டும் அதைச் சீனி என்று கணக்கில் எடுக்கமாட்டேன். கிளினிக் டொக்டர் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வார்: "நடவுங்கோ." நானும் ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு ஓட்டோவில் ஏறி வந்துவிடுவேன்.

அப்போதுதான் டொரன்டோவிலிருந்து மச்சாள் ஒரு கைப்பட்டி அனுப்பினாள். மணிக்கூடு மாதிரி மணிக்கட்டில் கட்டுவது. நாம் வைக்கும் அடியை எண்ணும். பத்தாயிரம் அடி நடந்துவிட்டால் கையில் கிறுகிறு என்று அதிர்ந்து சின்னதாக வாணவேடிக்கை காட்டும். டொரன்டோ, லண்டன், பாரிஸ் என்று சிதறிக் கிடக்கும் எங்கள் சகோதரங்கள் எல்லாரும் போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அதில் தினமும் யார் எத்தனை அடி என்று வரிசை போடும். பெரியண்ணா பனிக்குள்ளே நடந்து முதலாவதாக வருவார். என் பெயர் அடியில் கிடக்கும். ஒரு நாள் மச்சாள் எழுதினாள்: "ராஜி, கதிரையில பசை ஏதும் பூசி வைச்சிருக்கினமோ?" அதற்குக் கீழே சிரிக்கிற முகங்களாக வந்து விழுந்தன. எனக்கு ரோசம் வந்துவிட்டது.

எங்கே நடப்பது? விடிய எழும்பினால் சமையல். வேலை விட்டு வந்தால் அதுவும் சமையல். கடற்கரையில் நடக்கலாம்தான், ஆனால் இந்த ஊரில் மானுக்கு இருக்கிற சுதந்திரம் எனக்கு இல்லை. அது பாட்டுக்கு ரோட்டில் திரியும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் இரண்டு தெரு போனால் "என்ன ராஜி, எங்க அவசரமாப் போறீர்?" என்று நாலு பேர் மறிப்பார்கள். மிஞ்சியது மத்தியானச் சாப்பாட்டு நேரம். கந்தோருக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் உண்டு. உச்சிப் பூசை முடிந்து நடை சாத்தினால் வெளிவீதியில் ஆளே இருக்காது. வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருவர் உபயத்தில் சிவப்புச் சீமெந்துக் கல் பதித்து வீதி துப்பரவாக இருக்கும். வெட்டவெளி, மர நிழல் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கத் தொடங்கினேன். கோயில் வீதியில் செருப்போடு நடக்க முடியுமா?

முதல் நாளே வாசலில் பூ விற்கும் மனோன்மணி அக்கா பிடித்துவிட்டா. "என்ன தங்கச்சி, இந்த வெயிலுக்கை? நேர்த்திக்கடனோ?"

பிள்ளையாரைச் சுற்றுவது உடற்பயிற்சிக்கு என்று அந்த வாசலில் நின்று எப்படிச் சொல்வது? "ஓம் அக்கா" என்றேன்.

"எத்தினை சுத்து?"

"ஆயிரத்தெட்டு." வாயில் வந்ததைச் சொன்னேன். அக்கா கையெடுத்துக் கும்பிட்டா. அதன் பிறகு தினமும் எனக்காக ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து வைப்பா.

கல் சுடவில்லையா என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். திருகோணமலை வெயிலில் மத்தியானம் அந்தக் கல்லில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் பொரியும். எனக்குச் சுடவில்லை. பழகிவிட்டது என்று நினைத்தேன். இன்னும் உண்மையாகச் சொன்னால், பிள்ளையார் அருள் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டேன். உடம்பில் சீனி கூடிக் கிடந்தால் கால் நரம்புகள் மெல்ல மெல்லச் சாகும் என்று டொக்டர்மார் பிறகுதான் விளக்கினார்கள். உடம்பிலேயே நீளமான நரம்புதான் முதலில் கெடுமாம், அதனால் விரல் நுனியிலிருந்து தொடங்குமாம். சூடு, குத்து, நோவு எதுவும் மேலே போய்ச் சேராது. அதற்கு முன்பே நடக்கும்போது ஒரு செருப்புக் கழன்று பின்னால் கிடக்க, தெரியாமல் நாலு வீடு தாண்டிப் போயிருக்கிறேன். அதை ஒரு பகிடியாகத்தான் கந்தோரில் சொன்னேன்.

காயத்தைக் கண்ட அன்றைக்கே துளசி ஆஸ்பத்திரிக்கு வாங்கோ என்று அழுதாள். மாதக் கடைசி, கணக்கு முடிக்க வேண்டும். மருந்துத் தூளைப் போட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். நோகவில்லையே, என்ன பயம்? மத்தியானம் நடக்கவும் போனேன். குடும்பக் குழுவில் அப்போது நான் மூன்றாமிடம்.

சில நாளில் கந்தோரில் வைத்தே காய்ச்சல் நடுக்கியது. பக்கத்து மேசைக்காரி மூக்கைச் சுளித்தபடி எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று தேடினாள். அவள் தேடிய மணம் என் காலிலிருந்து வந்தது. என் மனுசன் சிவனேசன் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்தார். சந்தைக்குக் கிட்ட மின்விசிறி, மிக்சி திருத்தும் கடை வைத்திருக்கிறார். அதிகம் கதைக்காத ஆள். என்னை ஓட்டோவில் ஏற்றி, காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை வந்தார்.

ஊசி, சேலைன், இரத்தம் எடுப்பது என்று தொடங்கியது. ஒரு இளம் டொக்டர் கண்ணை மூடச் சொன்னார். மீன் தூண்டில் நூல் மாதிரி ஒரு நைலோன் நூலால் காலைத் தொடுவேன், தெரிந்தால் சொல்லுங்கள் என்றார்.

"தெரியுதா?"

"ஓம்."

"இப்ப?"

"ஓம்."

"அம்மா, நான் இன்னும் தொடவே இல்லை" என்றார்.

கண்ணைத் திறந்தேன். நூல் அவருடைய கையிலேயே இருந்தது. பரீட்சையில் பார்த்து எழுதிப் பிடிபட்ட பிள்ளை மாதிரி முகம் சுட்டது. அதோடு முதல் தடவையாகப் பயமும் வந்தது. பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். காலில் இரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு கருவியை வைத்துக் கேட்டார்கள். கையில் வைத்தபோது குபுகுபு என்று சத்தம் வந்தது. பாதத்தில் வைத்தபோது தூரத்தில் காற்றடிப்பது போல ஒன்றுதான் கேட்டது. டொக்டர் அதைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார்.

செத்த சதையை வெட்டித் துப்பரவாக்கிய அடுத்த நாள் பெரிய சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார். சிங்களவர், இங்கே வேலை செய்து பழகிய தமிழ். கட்டிலில் இருந்து பார்க்கும்போது மிக உயரமாகத் தெரிந்தார்.

"அம்மா, விரல் எலும்புக்குள்ளே கிருமி போயிருக்கு. பாதத்தில முன்பக்கம் எடுக்க வேணும். குதிக்கால் இருக்கும். ஸ்பெஷல் சப்பாத்துப் போட்டு நீங்க நடக்கலாம், வேலைக்குப் போகலாம். ஆனா இப்ப செய்யணும். லேட் ஆனா மேலே மேலே போகும்."

"மருந்தில சுகமாக்க ஏலாதே டொக்டர்?"

"ஏலாது."

"யோசிச்சுச் சொல்லுறன்."

"கெதியா யோசியுங்க" என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் என் மனுசனைப் பார்த்தேன். கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். "நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?" என்று கேட்டேன். "உம்மட கால். நீர்தான் சொல்ல வேணும்" என்றார். அந்த நேரம் அவர் மட்டும் "வெட்டட்டும்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் கையெழுத்து வைத்திருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். வைத்திருக்கமாட்டேனோ, அதுவும் தெரியாது.

பயம் என்றால் எப்படிப்பட்ட பயம் என்று சொல்கிறேன். சாவைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை. கந்தோர் மாடிப்படியை யோசித்தேன். விரல் இல்லாத பாதத்தைச் சேலைக் கரைக்குள் மறைக்க முடியுமா என்று யோசித்தேன். துளசியின் கல்யாணத்தில் மணவறைக்குப் பக்கத்தில் நொண்டிக்கொண்டு நிற்பேனே என்று யோசித்தேன். அவளுக்கு இன்னும் பள்ளிக்கூடமே முடியவில்லை. போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டு வாய்க்குள் துணியை வைத்துக்கொண்டு அழுதேன்.

பக்கத்துக் கட்டிலில் குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த பரீதா உம்மா இருந்தா, பித்தப்பைக் கல்லுக்காக வந்தவ. நான் போர்வைக்குள் குலுங்குவதைக் கண்டு, சேலைன் கம்பியையும் தள்ளிக்கொண்டு வந்து என் தலைமாட்டில் இருந்தா. "அழுங்க புள்ள, நல்லா அழுங்க. வாய்க்கித் துணி வெக்காம அழுங்க. இஞ்ச ஆரு ஒங்கள வேணாங்கிற?" என்றா. அவவுடைய வீட்டிலிருந்து வரும் கஞ்சியில் எனக்கும் ஒரு கோப்பை வரும். துளசி பின்னேரம் வந்து தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். கதைத்தால் அழுகை வந்துவிடும் என்று இருவரும் சிக்கைப் பற்றி மட்டும் கதைப்போம். ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை, ஆனால் அங்கே இல்லாத மருந்தை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தருவார்கள். அந்தத் துண்டு வரும்போதெல்லாம் என் மனுசன் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, மருந்தோடுதான் திரும்பி வருவார். எங்கே புரட்டினார் என்று நான் கேட்கவில்லை.

அதற்கடுத்த நாள் அவர் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. சாதாரணமாக வேகநடைக்காரர், அன்றைக்கு வாட்டுக்குள் ஒரு தினுசாகக் கால் வைத்து வந்தார்.

"மனோன்மணி அக்கா எல்லாம் சொன்னவ" என்றார்.

"என்ன சொன்னவ?"

"நேர்த்தி. ஆயிரத்தெட்டுச் சுத்து. மத்தியானம் மத்தியானம் நீர் நடந்ததாம். எனக்கு ஒரு சொல் சொல்லேல்லையே நீர்." கழுத்து வியர்வையைத் துடைத்தார். "அரைகுறையில விடக் கூடாது. ஆள் ஏலாமக் கிடந்தால் வீட்டுக்காரர் முடிச்சுக் குடுக்கலாம் எண்டு ஐயரும் சொன்னவர். நீர் எத்தினை முடிச்சனீர் எண்டு எனக்குத் தெரியாது. நேர்த்தியைக் கேக்கவும் கூடாது. அதால ஒண்டில இருந்து தொடங்கிட்டன். சதுர்த்தியோட முடிச்சிடுவன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நேர்த்தியும் இல்லை ஒன்றும் இல்லை, இந்தக் கைப்பட்டிக்காகத்தான் நடந்தேன் என்று. வாய் வரைக்கும் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அவ்வளவு தெளிவை நான் காணவில்லை. கால் தப்பும் என்று இந்த மனுசன் நம்புகிறார், அந்த நம்பிக்கையை நான் எப்படிப் பிடுங்குவது என்று நினைத்தேன்.

அது பாதி. மீதியையும் சொல்கிறேன். எனக்கே ஆசை வந்துவிட்டது. நான் நேர்ந்தது பொய்யாக இருக்கட்டும், அவர் நடப்பது மெய்தானே, பிள்ளையார் அதைக் கணக்கில் எடுக்கமாட்டாரா என்று நினைத்தேன். கணக்குப் பகுதியில் இத்தனை வருடம் இருந்தவள், இல்லாத ஒரு கணக்கை வைத்துக்கொண்டு மீதி தேடினேன். காலை இழக்கப் போகிறவளுக்கு எதையும் நம்ப வரும்.

டொக்டர் திரும்ப வந்து கேட்டார். "சதுர்த்தி முடியட்டும் டொக்டர்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. தாதி அவருக்குச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினா. டொக்டர் என் மனுசனைப் பார்த்து, "நீங்களும் அப்பிடியா சொல்றது?" என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு "ஓம்" என்றார். டொக்டர் கட்டில் தலைமாட்டு அட்டையில் ஏதோ வேகமாக எழுதினார். எழுத்துக்கு மேல் எழுத்து விழுகிற வேகம். எனக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியும், ஆனாலும் வாசிக்கவில்லை.

மருந்து ஏறியதில் ஒரு நாள் காய்ச்சல் விட்டது. பார்த்தீர்களா என்று உள்ளுக்குள் குதித்தேன். அடுத்த நாள் கட்டில் கிடுகிடுக்க நடுக்கம் வந்தது. கணுக்காலைச் சுற்றிச் சிவந்திருந்த இடத்தின் எல்லையில் தாதி நீலப் பேனையால் கோடு போட்டா. சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் கிருமி மேலே ஏறுகிறது என்று அர்த்தம். காலையில் வந்து பார்ப்பா, உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே இன்னொரு கோடு போடுவா. பின்னேரம் அதற்கும் மேலே ஒன்று. "அக்கா, உங்களுக்கு விளங்குதுதானே?" என்று கேட்டா. எனக்கு நன்றாக விளங்கியது. சிறுநீர் குறைந்தது, நாக்கு வறண்டது, துளசி பேசுவது சிலசமயம் அடுத்த அறையிலிருந்து வருவது போலக் கேட்டது. ஆனாலும் அவர் வந்தவுடன் "எத்தினை ஆச்சு?" என்றுதான் கேட்பேன். "அரைவாசி தாண்டிட்டன்" என்பார். இரண்டு பேரும் காலைப் பற்றி ஒரு சொல் கதைக்கமாட்டோம்.

சதுர்த்திக்கு முதல் நாள் பின்னேரம் அவர் வந்து என் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர், இருந்தபடியே தூங்கிப்போனார். பரீதா உம்மா தன் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தா.

"புள்ள, ஒங்கட மாப்புளட காலப் பாத்தீங்களா?"

"ஏன் உம்மா?"

"பாருங்க."

கஷ்டப்பட்டுத் தலையைச் சரித்துப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் கதிரைக்குக் கீழே இழுத்து வைத்திருந்தார். இரண்டு பாதத்திலும் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, கடையில் வயருக்கு ஒட்டுகிற கறுப்பு ரேப்பால் ஒட்டியிருந்தார். துணிக்குள்ளால் நீர் கசிந்து பழுப்பாக ஊறியிருந்தது.

"என்னப்பா, எழும்புங்கோ. காலைக் காட்டுங்கோ."

திடுக்கிட்டு எழும்பியவர் காலை இன்னும் உள்ளே இழுத்தார். "அது ஒண்டுமில்லை."

"காட்டுங்கோ எண்டுறன்!" வாட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

ரேப்பை உரித்தார். உரிக்கும்போது பல்லைக் கடித்தார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், சில உடைந்து, சில உடையப் போகின்றன. என்னுடைய காலில் வந்த அதே காயம்தான். எனக்கு ஒன்றும் தெரியாமல் வந்தது. இந்த மனுசன் ஒவ்வொரு அடியையும் தெரிந்து, ஒவ்வொரு அடிக்கும் துடித்து, அடுத்த அடியை வைத்திருக்கிறார்.

"நேர்த்தி ஒண்டும் இல்லையப்பா" என்றேன். "நான் நேரவே இல்லை. இந்தக் கைப்பட்டிக்காக நடந்தனான். அடி கூட்டத்தான் நடந்தனான். மனோன்மணி அக்கா கேக்க, வெக்கத்தில வாயில வந்ததைச் சொன்னனான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். கையிலிருந்த ரேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீர் ஏன் டொக்டரிட்ட சதுர்த்தி எண்டு சொன்னனீர்?"

"நீங்கள்தானே நடக்கிறீங்கள். என்ர கால் தப்ப வேணும் எண்டு நம்பி நடக்கிறீங்கள். அதை உடைக்க எனக்கு மனம் வரேல்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன்.

"நான் காலுக்கு நடக்கேல்லை ராஜி" என்றார். "டொக்டர் சொன்ன அண்டைக்கே வெட்டட்டும் எண்டுதான் எனக்கு. உமக்கு அதைச் சொல்லப் பயம். நேர்த்தி முடியாம நீர் கையெழுத்து வைக்க மாட்டீர் எண்டு நினைச்சன். கெதியா முடிக்க வேணும், முடிச்சால் நீர் சம்மதிப்பீர் எண்டுதான் மத்தியான வெயிலிலயும் நிக்காம நடந்தனான்."

எனக்காக அவர் காத்திருந்தார். அவருக்காக நான் காத்திருந்தேன். இருவருக்கும் நடுவில் கோடு கோடாக என் கால் போய்க்கொண்டிருந்தது.

பரீதா உம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டா. அவர் துணியைக்கூடச் சுற்றாமல் வெறுங்காலோடு எழும்பி, "மிஸ்! மிஸ்! டொக்டரைக் கூப்பிடுங்கோ!" என்று தாதிமார் இருக்கும் இடத்துக்கு ஓடினார். அவர் ஓடிய வழியெல்லாம் நிலத்தில் ஈரமாக அடையாளம் விழுந்தது.

டொக்டர் வந்தார். போர்வையை விலக்கி, கோடுகளைப் பார்த்து, முழங்கால் வரை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"கையெழுத்து வைக்கிறன் டொக்டர். பாதத்தில முன்பக்கம் எண்டு சொன்னீங்களே, அதை எடுங்கோ."

"அது அண்டைக்கு, அம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. "இப்ப முழங்காலுக்குக் கீழே. பாதம் விட ஏலாது. விட்டா நீங்க இருக்க மாட்டீங்க."

கெஞ்சினேன். கையைப் பிடித்துக் கெஞ்சினேன். குதிக்காலையாவது விடுங்கள் என்று சந்தையில் விலை பேசுகிற மாதிரிக் கேட்டேன். அவர் கையை எடுக்காமல் நான் முடிக்கும்வரை நின்றார். பிறகு பேனையைத் தந்தார். வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் கையெழுத்து வைத்திருக்கிறேன், அன்றைக்கு என் பெயர் எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் வந்த துளசி என் கையைப் பிடித்து எழுத வைத்தாள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். ஆள் விழிப்புத்தான். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. இடையில் ஒரு சத்தம் கேட்டது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

உயிர் தப்பியது. காய்ச்சல் விட்டது, சிறுநீர் வந்தது, சோறு இறங்கியது. பரீதா உம்மா வீட்டுக்குப் போகும்போது என் நெற்றியைத் தடவி ஓதிவிட்டுப் போனா. இப்போது செயற்கைக் காலுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள். கந்தோரில் கீழ் மாடியில் மேசை போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். சகோதரங்கள் குழுவில் அடி போடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் போடுங்கள் என்று சொல்லியும் ஒருவரும் போடவில்லை. என் மனுசனுடைய கால் சீக்கிரமே ஆறிவிட்டது. நோகத் தெரிந்த காலை ஆள் பார்த்துக்கொள்ளும்.

நடக்க வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. நடவுங்கள், ஆனால் வெறுங்காலோடு வெயிலில் நடக்காதீர்கள். சீனி வருத்தக்காரர் கோயிலுக்குக் காலமே போங்கள், கல் குளிர்ந்திருக்கும்போது சுற்றுங்கள். படுக்கப் போகுமுன் ஒரு கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், கண் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நோகவில்லை என்றால் சுகம் என்று நினைக்காதீர்கள். அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு, அதை எந்தக் கிளினிக்கிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

நேற்றுப் பின்னேரம் கட்டிலில் படுத்திருந்தேன். இல்லாத கால் நோகத் தொடங்கியது. கால் போனாலும் மூளைக்குள் அதற்கென்று இருந்த இடம் போகாதாம், அதனால் இப்படி வருமாம். இத்தனை வருடம் நெருப்பில் வைத்தாலும் தெரியாதிருந்த விரல்கள், போன பிறகு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிழிகின்றன. அவர் கடையால் வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நோகுதோ?"

முந்தி என்றால் இல்லை என்றிருப்பேன். வேலைக் களைப்போடு வந்த மனுசன், பாவம் என்று நினைத்திருப்பேன்.

"நோகுது" என்றேன்.

"எங்க?"

கட்டிலில் வெறும் விரிப்பு மட்டும் கிடந்த இடத்தைக் காட்டினேன். அவர் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்து, நான் காட்டிய இடத்தில் விரிப்பை இரண்டு கையாலும் மெதுவாக அமத்தத் தொடங்கினார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப குறையுதோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை.